மழை விட்டு எத்தனை நாள்

முப்பத்து மூன்று வயதில்தான் நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். பார்ப்பதற்காகப் போகவில்லை. அதிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்து வரும் வேலையாகப் போனேன்.

அது எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவனுக்கு அது பெரிய வேலை. கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, மேசை துடைப்பது, ஸ்பிரிட் விளக்கில் திரி மாற்றுவது. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கழுவுவதில் எனக்கு நல்ல பெயர். நான் கழுவிய குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை என்று ஒருநாள் சார் சொன்னார். வீட்டில்கூட அதைச் சொல்லாமல் வெகுநாள் எனக்குள்ளேயே வைத்திருந்தேன்.

சார் என்பவர் அங்கே பாடம் நடத்தியவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருக்குப் பெண் எடுத்த ஊர் கடலூர். ஆராய்ச்சியும் அந்த வழியாகத்தான் வந்தது.

எங்கள் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, கிரிவலப் பாதையைத் தாண்டி, வயல்களில் புகுந்து, ஏரியில் சேர்கிறது. ஏரி நிரம்பினால் துரிஞ்சலாற்றில் விழும். துரிஞ்சலாறு கீழே போய்ப் பெண்ணையாற்றில் சேரும். பெண்ணையாறு கடலூரில் கடலில் கலக்கும். இவ்வளவும் எனக்குத் தெரிந்ததுதான். அந்தத் தண்ணீர் தன்னோடு எதைக் கொண்டுபோகிறது என்று மட்டும் நான் யோசித்ததில்லை. தீபத்துக்கு ஊருக்குள் வரும் கூட்டம் எங்கே ஒதுங்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மலையடிவாரம், ஓடைக்கரை, அறுவடையான கொல்லை. அடுத்த மழை எல்லாவற்றையும் துடைத்து எடுத்துப் போய்விடும். ஊர் சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"சுத்தமாகலைங்க. எடம் மாறுது, அவ்வளவுதான்" என்றார் சார். "நம்ம ஊரு மட்டும் இல்ல, ஆத்தோரம் இருக்கிற அத்தனை ஊரும். மொத்தமா போய் முகத்துவாரத்துல இறங்குது. அங்க உப்பும் வெயிலும் சேர்ந்து கிருமியைக் கொல்லும். எத்தனை நாள்ல கொல்லும்? அதுதான் என் கேள்வி."

அது அவர் ஒருவரின் கேள்வி மட்டும் இல்லை. முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் இருந்தார்கள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இடுப்பளவு ஆழத்தில் இறங்கி, சேற்றைக் காலால் தடவி மட்டியை எடுப்பார்கள். வெந்நீரில் போட்டு, வாய் திறந்ததும் சதையை எடுத்துவிடுவார்கள். அதிகம் வேகவைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். மழைக்காலம் வந்தால் அவர்கள் இருந்த மீனவக் குப்பத்தில் வயிற்றுப்போக்கு வரும். முந்தின வருடம் ஒரு அக்காவின் பேரக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. மட்டிதான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த அக்கா சாரிடம் கேட்டதும் இதையேதான். மழை விட்டு எத்தனை நாள் கழித்து இறங்கலாம்? நீங்கள் சொல்லும்வரை இறங்கமாட்டோம் என்றும் அவர் சொல்லியிருந்தார். மற்ற பெண்கள் அவர் பேச்சைக் கேட்பவர்கள்.

புரட்டாசியில் மழைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் என்னை அழைத்துப் போனார். பாட்டில்களின் மூடிக்கு மேல் பழுப்புக் காகிதம் சுற்றி நூலால் கட்டி, முந்தின நாளே குக்கரில் வைத்து ஆவியில் சூடாக்கியிருந்தோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போனார். நான் பெட்டியோடு கரையில் நின்றேன். கடல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக இருந்தது. சார் திரும்பிப் பார்த்து, "வாயைத் தொடக் கூடாது. ஓட்டத்துக்கு எதிரா பிடிக்கணும். உடனே மூடிடணும். தெரிஞ்சுதா?" என்றார். தெரிந்தது என்று தலையாட்டினேன்.

பாட்டிலைக் கழுவக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கழுவாமல் ஒருவர் பாத்திரத்தில் தண்ணீர் பிடிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் தேய்த்துக் கவிழ்த்து வைத்த சொம்பையும் ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் தண்ணீர் மொள்ளுவோம். குக்கரில் வெந்த பாட்டிலில் தீய்ந்த காகித வாசனை வேறு இருக்கும்.

வேலை நாட்களில் சாருக்கு வகுப்பு. அதனால் அதன் பிறகு நான் தனியாகப் போனேன். விடிகாலை பஸ்ஸில் ஏறினால் திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாக வெயில் ஏறுவதற்குள் கடலூர். தண்ணீர் எடுத்து, மீன் இறங்கும் துறையில் ஐஸ் வாங்கி, மரத்தூள் அடைத்த தகரப் பெட்டியில் வைத்து அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். நேரம் ஆக ஆகப் பாட்டிலுக்குள் இருப்பவை பெருகலாம், சாகலாம். இரண்டும் கணக்கைக் கெடுக்கும்.

அந்தப் பஸ் கண்டக்டருக்கு என் பெட்டி ஒரு பொழுதுபோக்கு.

"மீனா? மேல போடு. நாறும்."

"மீன் இல்லைங்க. தண்ணி."

"எந்தத் தண்ணி? போலீஸ் பிடிக்கிற தண்ணியா?"

"கடல் தண்ணிங்க."

"உங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படியா, உனக்கு மட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸில் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை டிக்கெட் கிழிக்காமல் நிற்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

குப்பத்தில் நான் முதலில் போவது கிணற்றுக்கு. மணலில் நாலைந்து சிமெண்ட் உறை இறக்கிய கிணறு. மேலே கீற்றுத் தட்டி போட்டு மூடியிருப்பார்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் தண்ணீர் தித்திப்பாக இருந்தது எனக்கு ஆச்சரியம். ஒரு சொம்பு குடித்துவிட்டு, பாட்டில்களின் காகிதத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கால் பங்கு ஊற்றி, உள்ளங்கையால் மூடிக் குலுக்கிக் கொட்டுவேன். இரண்டு தடவை. பிறகு முகத்துவாரத்தில் இறங்கி, வாயைத் தொடாமல், ஓட்டத்துக்கு எதிராகப் பிடிப்பேன். சார் சொன்னதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சுத்தக்காரரு" என்பார் பக்கத்தில் இருப்பவர்களிடம். "எங்க வீட்டு ஆம்பளைங்க ஒரு டம்ளரை இப்படிக் கழுவி நான் பாத்ததில்ல."

ஆய்வுக்கூடத்தில் சார் அந்தத் தண்ணீரை வரிசையாக ஊதா நிறச் சாறு இருக்கும் குழாய்களில் விட்டு, சூட்டுப் பெட்டியில் வைப்பார். சாக்கடைக் கிருமி இருந்தால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சாறு மஞ்சளாகும், உள்ளே குமிழி கட்டும். மழைக்கு முன் எடுத்தவை பெரும்பாலும் ஊதாவாகவே இருந்தன. ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் மஞ்சள் வந்தது. சார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். உள்ளூரில் மலையடிவார ஓடையிலும் நான் எடுத்து வந்தேன். அந்தத் தண்ணீரில் பாட்டிலைக் கழுவினாலும் ஒன்றுதான், கழுவாவிட்டாலும் ஒன்றுதான். வரிசை முழுக்க மஞ்சள்.

அந்த வருடம் தீபத்துக்கு மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பாதையோரக் கடைகளின் கீற்று, எச்சில் இலை, செருப்பு எல்லாம் ஓடையில் போயின. திருக்கோவிலூரில் ஆறு கரைக்குக் கரை போனதால் பஸ் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்து நான் கடலூர் போனபோது முகத்துவாரம் காப்பி நிறத்தில் இருந்தது. நாக்கில் வைத்தால் உப்பே இல்லை. வெள்ளம் கிணற்று உறைக்கு மேலே ஏறி இறங்கியிருந்தது. கீற்றுத் தட்டியைப் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

"வந்துடுச்சு பாருங்க தம்பி, உங்க ஊரு தீபம்" என்றார் அக்கா. "சாமியை நீங்க பாத்துக்குவீங்க. மிச்சத்தை எங்களுக்கு அனுப்பிடுவீங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கிணற்றில் பாட்டிலைக் கழுவிக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினேன்.

அன்றிலிருந்து பெண்கள் மட்டிக்கு இறங்கவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை நான் போய் எடுத்து வந்தேன். எல்லாம் மஞ்சள். ஒரு வாரம் போயிற்று, மஞ்சள். மழை முழுதாக விட்டு வெயில் அடித்தது. இரண்டு வாரம் போயிற்று, மஞ்சள். சார் தன் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தார். உப்புக்கும் வெயிலுக்கும் கிருமி சாகவில்லை என்றால் சேற்றில் தங்கி மறுபடி மறுபடி கிளம்புகிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தார். மழைக்காலம் முழுவதும் மட்டி எடுக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருக்கும் என்றார்.

ஒவ்வொரு தடவையும் அக்கா கரையில் காத்திருப்பார்.

"என்ன சொல்றாரு உங்க சாரு?"

"இன்னும் இல்லைங்கறாரு அக்கா."

"தண்ணி தெளிஞ்சுது. உப்பு திரும்பிடுச்சு, வாயில வெச்சுப் பாருங்க. நண்டுகூட வந்துடுச்சு. நண்டுக்குத் தெரியறது உங்க பாட்டிலுக்குத் தெரியலியா?"

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "பாட்டிலுக்கு என்ன அக்கா, அது பஸ்ல போவுது, பஸ்ல வருது. அடுப்பு நம்ம வீட்டுலதானே எரியல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வாரங்களில் எனக்கும் வயிறு சரியில்லை. பஸ் ஸ்டாண்டு வடைதான் என்று நினைத்தேன். என் மனைவி சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

"ஊரு ஊரா போய்க் கிருமி புடிக்கிற வேலை இது ஒண்ணுதான் பாக்கி. கையோட வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டாந்துட்டீங்க" என்றாள்.

மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் தாமே வந்தார். சேற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இந்தத் தடவை நானும் அவர் பின்னால் தண்ணீரில் இறங்கி நின்றேன். அவர் பாட்டிலின் காகிதத்தை உரித்தார். அப்படியே தண்ணீருக்குள் விட்டு நிரப்பினார். மூடினார்.

கழுவவில்லை. படித்தவர்கள் இப்படித்தான் என்று முதலில் ஓர் எண்ணம் ஓடியது. அடுத்த பாட்டிலையும் அப்படியே பிடித்தார். அவர் அந்த மூடியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். உள்பக்கம் காற்றுகூடப் படாதபடி கீழே பார்க்கக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். குக்கரும் காகிதமும் நூலும் எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கியது.

சார் எடுத்த பாட்டில்கள் இரண்டாம் நாளும் ஊதாவாக இருந்தன. ஒரு குழாயில் மட்டும் லேசாக மாறியிருந்தது. மூன்று நாளைக்கு முன் நான் எடுத்தது முழுக்க மஞ்சள். சார் இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு எப்படி எடுத்தீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் சார்."

அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் என் பாட்டில்களைச் சந்தேகப்படவில்லை. தன் பாட்டில்களைத்தான் சந்தேகப்பட்டார். வழியில் ஐஸ் தீர்ந்து கிருமி செத்துவிட்டதோ என்று கேட்டார். சாறு பழசோ என்று புதிதாகக் காய்ச்சினார். கழுவுகிறவனின் கை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் மேசைக்கு எதிரே போய் நின்றேன். "என்ன?" என்று அவர் நிமிர்ந்தால், "ஒண்ணும் இல்ல சார்" என்று துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அதைவிட அந்த வார்த்தைகளை எங்கே தொடங்குவது என்பது தெரியாததுதான் பெரிய தடை.

அடுத்த முறை குப்பத்துக்குப் போனபோது அக்கா கரையில் இல்லை. அவரை வீட்டு வாசலில் கண்டேன். மட்டிக் கூடையைப் பிரித்து, நல்ல பிரம்பைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"கூடையை ஏன் அக்கா பிரிக்கிறீங்க?"

"சும்மா கெடக்குது. பிரம்பாவது யாருக்காவது உதவட்டும்." நிமிராமலே கேட்டார்: "நிஜத்தைச் சொல்லுங்க தம்பி. இந்த வருசம் எறங்க முடியுமா, முடியாதா? முடியாதுன்னா சொல்லிடுங்க, பொண்ணுங்க உப்பளத்துக்குப் போறேங்கறாங்க. நான் சொன்னேன்னுதான் உக்காந்திருக்காங்க."

நான் அன்று கிணற்றுப் பக்கம் போகவில்லை. தண்ணீரும் எடுக்கவில்லை. காலிப் பெட்டியோடு பஸ் ஏறினேன். ஊருக்கு வந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சார் தனியாக இருந்தார்.

"எங்க பாட்டில்?"

"சார், நான் செய்யறதைக் கொஞ்சம் பாருங்க" என்றேன்.

கட்டி வைத்த பாட்டில் ஒன்றை எடுத்தேன். காகிதத்தைப் பிரித்தேன். குழாயடியில் கால் பங்கு தண்ணீர் பிடித்து, உள்ளங்கையால் மூடிக் குலுக்கிக் கொட்டினேன். மறுபடி பிடித்து, குலுக்கிக் கொட்டினேன். பிறகு மேசை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

சார் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உள்பக்கம் ஒட்டியிருந்த துளிகள் ஒவ்வொன்றாக இறங்கி அடியில் சேர்ந்தன.

"எப்பத்துல இருந்து?"

"மொதல்ல இருந்து சார்."

"நான் கழுவக் கூடாதுன்னு சொல்லலை இல்ல?"

"சொல்லலை சார்."

"இதை யாரு சொல்லுவாங்க" என்றார், தனக்குள் பேசுவது போல. நோட்டை எடுத்தார். நான் தனியாகப் போய்வந்த ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். நிறையப் பக்கங்கள். அவசரப்படாமல் போட்டார். "ஒரு வருசம் போச்சு" என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் சொல்வது போல.

கடைசிப் பக்கத்தில் கோடு போட வந்த கை நின்றது.

"எந்தத் தண்ணியில கழுவினீங்க? கடல்லயா?"

"இல்ல சார். கரையில ஒரு உறைகிணறு இருக்குது. நல்ல தண்ணி."

"மழைக்கு முன்னாடி எடுத்தப்பவும் அதே கெணறா?"

"அதே கெணறுதான் சார்."

சார் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். "வெள்ளம் வந்தப்போ அந்தக் கெணறு முழுகுச்சா?"

"உறைக்கு மேல ஏறி எறங்குச்சு சார்."

"அதுல யாரு தண்ணி குடிக்கிறாங்க?"

"எல்லாரும்தான் சார். நானும்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு சார் என்னோடு வந்தார். கடலில் இரண்டு, கிணற்றில் இரண்டு. எதையும் கழுவவில்லை. இரண்டாம் நாள் காலையில் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது கடல் வரிசை ஊதாவாகவும் கிணற்று வரிசை முழுக்க மஞ்சளாகவும் இருந்தன. கடலுக்கு உப்பு உண்டு, வெயில் உண்டு, ஏற்றமும் வற்றமும் வந்து அலசிவிட்டுப் போகும் என்றார் சார். கிணற்றுக்கு அவை எதுவும் இல்லை. தட்டி போட்டு வெயில்கூடப் படாமல் மூடியிருக்கிறார்கள். வந்தது அங்கேயே தங்கிவிட்டது. இத்தனை வாரமும் என் பாட்டிலில் ஒட்டியிருந்த சில சொட்டுகளைத்தான் அவர் கடல் என்று எழுதிக்கொண்டிருந்தார்.

முந்தின வருடம் குழந்தை படுத்தது மட்டியாலா கிணற்றாலா என்று அவர் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டும் இருக்கலாம் என்றார். எத்தனை நாள் என்பதையும் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அதுவரைக்கும், பெருமழை விட்டு, உப்பு திரும்பி, அதன்மேல் ஒரு வாரம் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வாரம் எப்போதோ முடிந்திருந்தது.

பிளீச்சிங் பவுடர்ப் பொட்டலத்தோடு நான் போய்ச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். என் பாட்டில் கதையையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியது அதற்கு முன்பு இல்லை. அக்கா முழுதும் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப மட்டிய நிறுத்திட்டு, இத்தினி நாளா கெணத்துத் தண்ணிய குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்" என்றார். பிறகு எழுந்து மற்ற பெண்களுக்குக் குரல் கொடுத்தார். அவருடைய கூடை பாதி பிரிந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கூடை இரவல் வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நானும் என் பாட்டிலோடு இறங்கி, காகிதத்தைப் பிரித்து, அப்படியே நிரப்பினேன். அக்கா சற்றுத் தள்ளி இடுப்பளவு நீரில் காலால் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கழுவலியா?"

"கழுவக் கூடாதாம் அக்கா."

"என்னமோ போங்க" என்றார். "கழுவாத பாட்டில்ல குடின்னா எனக்கு மனசு வராது."

குனிந்து கையை விட்டு ஒரு மட்டியை எடுத்தார். அதைக் கடல் தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டுக் கூடையில் போட்டார்.